அரைக்கிணற்றார் சிங்க சோபா விற்றது

அரைக்கிணறு என்ற ஊரில் கிணறு கிடையாது. ஒரு காலத்தில் தோண்டத்தான் செய்தார்களாம். பாதி ஆழம் போனதும் அடியில் தண்ணீர் ஊறியது. "ஐயையோ, குழி நனையுதே!" என்று பதறிப்போய் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். அவர்களுடைய வாரிசுகள்தான் இன்றும் அங்கே குடியிருக்கிறார்கள். வெளியூர்க்காரன் எவனும் அங்கே வந்து தங்காததால் சரக்கு கலப்படம் இல்லாமல் இருக்கிறது.

அந்த ஊர்ப் பலவேசத்துக்கு ஒரு கஷ்டம் வந்தது. அதை அவனேதான் லாரி வைத்துக் கொண்டுவந்தான். ஒரு கல்யாண மண்டபத்தை மூடுவதற்காகப் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் மேடை சோபாவை எடுத்துவிட்டான். சிவப்பு வெல்வெட்டு, தங்கக் கலர் விளிம்பு, இரண்டு கைப்பிடியிலும் வாயைப் பிளந்தபடி சிங்கத் தலை. ஏலத்தில் அவனை எதிர்த்து ஒருவரும் கேட்கவில்லை. இருந்தாலும் விட்டுவிடக் கூடாது என்று அவனே மூன்று தடவை விலையை ஏற்றிக் கேட்டிருக்கிறான்.

வீட்டுக்குள் அது ஒரே ஒரு இடத்தில்தான் அடங்கியது. அடுப்படிக் கதவை அடைத்துக்கொண்டு அடங்கியது.

பலவேசத்தின் மனைவி வெயிலுகந்தாள் அந்த ஊரில் பிறந்தவள் இல்லை, ஆகவே புத்தி இருந்தது. இரண்டு நாள் சிங்கத் தலையில் கால் வைத்து ஏறி, அந்தப் பக்கம் குதித்து, சோறு பொங்கி, சட்டியோடு திரும்ப ஏறி வந்தாள். அடுத்த நாள் புளிக்குழம்போடு சறுக்கி விழுந்தாள். எழுந்தவள் நேராகப் போய்ப் பையை எடுத்தாள்.

"இந்தச் சனியன வித்தாத்தான் நான் இந்த வாசப்படிய மிதிப்பேன். இல்லன்னா அந்தச் சிங்கத்தோடயே குடும்பம் நடத்துங்க," என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

பலவேசத்துக்கு அழுகையே வந்துவிட்டது. மடையனாக இருந்தாலும் பெண்டாட்டி மேல் உயிர். டீக்கடையில் பன் வாங்கிவந்து, சோபாவின் ஓரத்தில் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்து, அழுதுகொண்டே தின்றான்.

கூட்டாளிகள் மூன்று பேர் துக்கம் கேட்க வந்தார்கள். நயினார் என்பவனிடம் போன் இருந்தது. தளவாய் என்பவனிடம் யோசனை இருந்தது, அது நயினாரின் போனைவிட ஆபத்தானது. மூன்றாமவன் பெயர் ஐகோர்ட். அது அந்தப் பக்கத்துச் சாமியின் பெயர்தான், ஆனால் பெயரைக் கேட்டு மயங்கி, எந்தச் சண்டையையும் அவனிடம்தான் தீர்ப்புக்குக் கொண்டுபோவார்கள்.

"போன்ல போட்டு வித்துருவோம்வே," என்றான் நயினார்.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அந்த வாரம்தான் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு போலீஸம்மா வந்து, ஆன்லைனில் சாமான் விற்கிறவர்களை எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று பேசினார். நான்கு பேரும் முன் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

"போனுக்கு வர்ற ரகசிய நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீங்க," என்றார் போலீஸம்மா. "முன்பின் தெரியாதவங்களுக்கு வீட்டு அட்ரஸ் குடுக்காதீங்க. பொருளை நாலு பேர் பாக்குற இடத்துல வச்சுக் கைமாத்துங்க. நீங்க கேட்டதுக்கு மேல ஒருத்தன் பணம் தர்றேன்னா, அவன் மோசடிக்காரன்."

அரைக்கிணற்றில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் ஒரே தலையில் ஏற்ற மாட்டார்கள். தலை கனத்துக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்று பயம். பேச்சைப் பங்கு போட்டு, ஆளுக்கு ஒரு வாக்கியமாகச் சுமந்து வருவார்கள். ஒருத்தன் பங்கில் இன்னொருத்தன் தலையிட மாட்டான். அப்படி நயினாருக்கு அட்ரஸும், ஐகோர்ட்டுக்கு நாலு பேரும், தளவாய்க்கு மோசடிக்காரனும் விழுந்தார்கள். பலவேசத்துக்கு விழுந்தது ரகசிய நம்பர். வரும் வழியில் வரப்பு தாண்டும்போது அவன் பங்கிலிருந்து 'போனுக்கு வர்ற ரகசிய' என்பது மட்டும் எங்கோ விழுந்துவிட்டது. மிச்சத்தைப் பத்திரமாக வீடு சேர்த்தான்.

சோபாவைப் படம் பிடித்தார்கள். எத்தனை பேர் உட்காரலாம் என்று வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டாமா? நான்கு பேரும் அதில் நெருக்கி உட்கார்ந்துகொள்ள, நயினார் கையை நீட்டிப் பிடித்து எடுத்தான். படத்தில் இரண்டு சிங்கமும் நான்கு முட்டாளும் தெரிந்தார்கள். சோபா தெரியவில்லை. அதைத்தான் நயினார் போனில் விற்பனைக்குப் போட்டான்.

அப்படியும் மறுநாளே ஒருவர் நயினாரின் போனில் கூப்பிட்டார். பந்தல் போடும் தொழில் செய்யும் சவுந்தரபாண்டியன். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"அண்ணாச்சி, அந்தச் சிங்க சோபா என்ன விலை?"

போனைப் பிடித்திருந்த பலவேசம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "விலைன்னா நம்பருல்லா? நம்பரு யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம்."

"சரி, நேர்ல வந்து பேசிக்கிடுதேன். வீடு எங்க இருக்கு?"

நயினார் போனைப் பிடுங்கினான். "கேக்கான் பாரு கேள்வி! எங்களுக்கு வீடே கிடையாது."

"அப்ப நான் எங்க வர?"

"நாலு பேர் பாக்குற இடத்துக்கு வாரும்," என்றான் ஐகோர்ட்.

"எந்த ஊருல?"

"அதச் சொல்ல முடியாதுங்கோம்லா!" என்று நயினார் போனை அணைத்தான்.

கதவைக் கழற்றி, சோபாவைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அங்கே பஸ்ஸுக்காக ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நாம தூக்குத ஆளு. நாம பாக்கதுல சேராது," என்றான் தளவாய். "பாக்கதுக்கு ரெண்டு பேருதான இருக்காங்க?"

ஐகோர்ட் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னான். "ரெண்டு பேரு ரெண்டு தடவ பாத்தா, நாலு பேரு பாத்த கணக்கு."

அந்தப் புருஷன் பெண்டாட்டியைக் கண்ணை மூடித் திறந்து மறுபடியும் பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் மூடித் திறந்து பார்த்துவிட்டு, பஸ் வேண்டாம் என்று நடந்தே போய்விட்டார்கள்.

பாவம் சவுந்தரபாண்டியன், மினி லாரியோடு சுற்றுப்பட்டி ஊர்களிலெல்லாம் "சோபா விக்கிற வீடு எது?" என்று விசாரித்து நாய்க்கடி வாங்காத குறையாக அலைந்தார். சாயங்காலம் ரோட்டோரத்தில் இரண்டு சிங்கம் வாயைப் பிளந்து நிற்பதைக் கண்டு பிரேக் போட்டார். சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார். பிடித்துவிட்டது.

"விலைய நீங்க சொல்ல மாட்டேங்கியள. நானே சொல்லுதேன். எட்டாயிரம். இந்தா, கையில ரொக்கமா இருக்கு."

பலவேசத்தின் கண்ணில் வெயிலுகந்தாள் பையோடு வாசற்படி ஏறுவது தெரிந்தது. கையை நீட்டினான். தளவாய் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"பொறுவே. நாம அவர்ட்ட எவ்வளவு கேட்டோம்?"

"ஒண்ணும் கேக்கலயே."

"ஒண்ணும் கேக்காததுக்கு எட்டாயிரம் தாரேங்காரு. கேட்டதுக்கு மேல எவ்வளவு கூட? எட்டாயிரம் கூட! யாருவே இந்த ஆளு?"

நான்கு பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். விலை பற்றவில்லை போல என்று நினைத்த சவுந்தரபாண்டியன், "சரி, ஒம்பதாயிரமா வச்சுக்கிடுங்க," என்றார்.

"ஏறுது! திருட்டுப்புத்தி ஏறுது பாரு!" என்று தளவாய் அலறினான்.

"பத்து! அதுக்கு மேல என்னால முடியாது."

"புடிங்கல அவன!" என்றான் ஐகோர்ட். பந்தல்காரர் செருப்பை விட்டுவிட்டு லாரியில் ஏறித் தப்பினார். அவர் வாழ்க்கையில் முழுப் பணம் கொடுக்கப்போய் அடி வாங்க இருந்தது அன்றைக்குத்தான். நான்கு பேரும் மோசடியிலிருந்து பிழைத்த சந்தோஷத்தில் சோபாவிலேயே உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

மறுநாளும் சோபா ரோட்டோரத்திலேயே இருந்தபோது கூலிங் கிளாஸ் போட்ட ஒருவன் வந்தான். அசல் மோசடிக்காரன். பணம் அனுப்பியாகிவிட்டது என்று காட்டுவதற்குப் பொய்யாக ஒரு ரசீதுப் படம் தயாரித்துப் போனில் வைத்திருந்தான். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செய்தது.

"என்ன விலை?" என்றான்.

"சொல்ல மாட்டோம்," என்றான் பலவேசம்.

"விலை சொல்லலன்னா சும்மாதான் எடுத்துட்டுப் போகணும்," என்று அவன் விளையாட்டாகச் சிரித்தான்.

தளவாய் பாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டான். "கேட்டதுக்கு மேல ஒரு பைசா தரல! இவருல்லா மனுசன்!"

கூலிங் கிளாஸ்காரனுக்கே ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. நம்பிக்கை வந்ததும், "அப்போ லாரி வாடகை?" என்று கேட்டுப் பார்த்தான். அதையும் கொடுத்து, சோபாவை அவர்களே ஏற்றிவிட்டார்கள். ராத்திரியெல்லாம் செய்த ரசீது வீணாகிவிட்டதே என்ற வருத்தம் மட்டும் அவனுக்கு இருந்திருக்கும்.

பலவேசம் நயினாரின் போனில் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். "வெயிலா, சோபா போயிட்டு! அடுப்படி தெறந்து கெடக்கு."

"நெசமாவா? காலைல மொத பஸ்ஸுக்கு வாரேன்," என்றாள் வெயிலுகந்தாள். குரலில் சந்தோஷம் இருந்தது. "ஆமா, எவ்வளவுக்கு வித்திய?"

"நம்பரு யார் கேட்டாலும் சொல்லக் கூடாது," என்று போனை வைத்துவிட்டான்.

வைத்தபிறகுதான் அவள் போகும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. "ஏ ஐகோர்ட்டு, அவ வித்தாத்தான் வருவேன்னு சொன்னா. நாம வித்தோமா?"

ஐகோர்ட் தீர்ப்பைச் சொன்னான். "சும்மா குடுத்தா அது விக்கது இல்ல. தருமம். நாளைக்கு அவ வந்து விசாரிச்சா வழக்கு நிக்காது."

"அப்ப சோபாவைத் திரும்ப வாங்குவோம். வாங்குனாத்தான விக்க முடியும்?" என்றான் பலவேசம். அதுவரை அவன் சொந்தமாக யோசித்தது அது ஒன்றுதான்.

கூலிங் கிளாஸ்காரன் அதற்குள் சோபாவை விற்பனைக்குப் போட்டிருந்தது நயினாரின் போனில் தெரிந்தது. போலீஸம்மா சொன்னதெல்லாம் விற்கிறவனுக்குத்தான், வாங்குகிறவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று நான்கு பேரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். பலவேசம் தன்னுடைய கிடா இரண்டையும் விற்று, கேட்ட பணத்தை முன்கூட்டியே கொடுத்தான். நயினார் கேட்காமலே வீட்டு அட்ரஸைக் கொடுத்தான், பக்கத்து வீட்டு அட்ரஸையும் சேர்த்து.

காலையில் பஸ் நிறுத்தத்தில் வெயிலுகந்தாள் இறங்கினாள். எதிரே லாரியிலிருந்து சோபாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டுன்னு சொன்னிய?"

"போயிட்டு. நீ வரணுமேன்னுதான் திரும்பக் கொண்டாந்தேன்," என்றான் பலவேசம். "யாராச்சும் வாங்கணும். நீ வாங்கிக்கிடேன் வெயிலா." பத்து விரலையும் விரித்துக் காட்டினான். வாயால் சொல்லாமல் கையால் சொல்லலாம் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தோன்றியது.

பஸ்ஸே எட்டிப் பார்த்தது. அவமானம் தாங்காமல் அவள் கையிலிருந்த டிக்கெட் மிச்சம் இரண்டு ரூபாயை அவன் முகத்தில் விட்டெறிந்தாள். "இந்தா, இத எடுத்துக்கிட்டு எங்கயாச்சும் தொலைங்க!" எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போய்விட்டாள்.

தளவாய் காசைக் கையில் எடுத்துப் பார்த்தான். "பத்து கேட்டோம், ரெண்டு தந்துருக்காவ. அப்பழுக்கு இல்லாத ஆளு!"

"ஒரு பஸ் ஆளு பாத்துருக்கு," என்றான் ஐகோர்ட்.

"அட்ரஸும் நாம சொல்லல. அவங்களுக்கே தெரியும்," என்றான் நயினார்.

"ஆனா சாமான வாங்காமப் போறாளே! காச வாங்கிக்கிட்டு சாமானக் குடுக்கலன்னா நாமதான மோசடிக்காரங்க?" என்று பலவேசம் பதறினான்.

நான்கு பேரும் சோபாவைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினார்கள். மாமியார் ஊர் வரை ஓடினார்கள். அந்த வீட்டிலும் சோபா ஒரே ஒரு இடத்தில்தான் அடங்கியது. அடுப்படிக் கதவுக்கு நேராக இறக்கி வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வெயிலுகந்தாள் பலவேசத்தின் வாசற்படியை மிதித்தாள். பலவேசம் சந்தோஷத்தில் எழுந்து ஓடிவந்தான். அவளுக்குப் பின்னால் அவள் அம்மா பையோடு வந்தாள். அம்மாவுக்குப் பின்னால் அப்பா பானையோடு வந்தார்.

"அந்தச் சோபா அங்க கெடக்குற வரைக்கும் நாங்க எங்க வீட்டுக்குப் போக மாட்டோம் மருமகனே," என்று மாமியார் உட்கார்ந்துவிட்டாள்.

"கவலையே படாதீங்க அத்தை," என்றான் பலவேசம். "ரொம்ப நாணயமான ஆளு ஒருத்தர் இருக்காரு, கூலிங் கிளாஸ் போட்டிருப்பாரு. கூப்பிட்டா இன்னிக்கே வந்து எடுத்துட்டுப் போயிருவாரு. நீங்க லாரி வாடகை மட்டும் எடுத்து வையுங்க."