பெட்டிக்குள் உறங்குகிறவர்

மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றில் பிணவறையிலும் ஒலிபெருக்கி உண்டு. கட்டடம் கட்டியவர்கள் எல்லா அறைகளுக்கும் வைத்ததுபோல் அதற்கும் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் அது பேசியது.

"தேவசகாயம், வலி இருக்கா?"

மென்மையான பெண்குரல். கொஞ்சம் காத்திருந்தது. குளிர்பெட்டிகளின் முனகலைத் தவிர வேறு சத்தமில்லை. பிறகு அடுத்த பெட்டியில் இருந்தவரின் பெயரைச் சொல்லி அதே கேள்வியைக் கேட்டது.

கணவர் தேவசகாயத்தின் உடலை வாங்க வந்து வாசலில் நின்ற ரோஸ்லின் அதைக் கேட்டாள். சுவரில் இருந்த திரையில் அவர் பெயருக்கு எதிரே எழுத்து வந்தது: உறங்குகிறார்.

கையெழுத்திட்டு உடலை வாங்க மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியாயிற்று. மருத்துவர் மறுபடி சோதித்துச் சொல்லியும் அவள் கேட்கவில்லை. மென்பொருள் எழுதிய செல்வினையும் ஜெபகனியையும் வரவழைத்தார்கள்.

நடந்தது இதுதான். மென்பொருளில் ஒரு வகை என்பது இன்னின்ன விவரங்களின் தொகுப்பு. செல்வின் 'நோயாளி' என்றொரு வகையை எழுதியிருந்தான்: பெயர், வயது, இரத்தப் பிரிவு, படுத்திருக்கும் இடத்தின் எண். ஜெபகனி பிணவறைக்காக 'இறந்தவர்' என்ற வகையை எழுதினாள். அதிலும் இதே நான்கு. காலையில் நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைத்து வலி கேட்கும் கணினி நிரல் ஒன்று உண்டு. பதில் வராவிட்டால் உறங்குவதாகக் குறித்துக்கொள்ளும். இருவரின் வேலையையும் இணைத்தபோது, ஒரு வரியில் தவறுதலாக இறந்தவர்களை அந்த நிரலுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்படிப்பட்ட தவற்றைப் பிடிக்கத்தான், நிரல் ஓடுமுன் வகைகளைச் சோதிக்கும் ஏற்பாடு இருந்தது. அதன் விதியை வகுத்தவன் செல்வின்: உள்ளே இருக்கும் விவரங்கள் ஒன்றானால் வகையும் ஒன்று. சோதனை நான்கையும் ஒப்பிட்டது, வழிவிட்டது.

"சோதனை மேல தப்பே இல்ல" என்றான் செல்வின். "வகையோட பேரு மட்டுந்தான் வேற. உள்ள இருக்கது எல்லாம் ஒண்ணுதான?"

"அப்ப உன்னையும் ஒரு பெட்டில வச்சிரலாம்லா? உனக்கும் அந்த நாலும் இருக்கே" என்றாள் ஜெபகனி. "பேர வேறயா வச்சதே, இது அது இல்லன்னு சொல்லத்தான்."

ரோஸ்லின் தலை நிமிர்ந்தாள். "சண்ட போடாதீங்க தம்பி. மிஷின் கேட்டுச்சு, ஒறங்குறாருன்னு சொல்லிச்சு. ஒறங்குற ஆள நான் எப்படிக் குழில வைப்பேன்?"

இங்கே நிறுத்துகிறேன். அந்த வாசலில் நின்றிருந்தால் நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன். அதனால் என் தீர்ப்பை எனக்கே முழுதாக நம்ப முடியவில்லை. மூவரும் பேசியது ஒரே பெட்டியைப் பற்றித்தான். நீங்கள் சொல்லுங்கள், யார் சொன்னது சரி?

விடை: ஜெபகனி சொன்னதே சரி. செல்வினின் விதி, ஒன்று எவற்றால் ஆனது என்று மட்டும் பார்த்தது. அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று பார்க்கவில்லை. மௌனத்தை உறக்கம் என்று எண்ணுவது உயிருள்ளவரிடத்தில் மட்டுமே செல்லும். ரோஸ்லின் பதில் என்று நம்பியது, கேட்கவே கூடாத கேள்வியின் எச்சம். வகையின் பெயர் வேறானால் வகையும் வேறு என்று விதியை மாற்றினார்கள். சோதனை உடனே, இறந்தவர்களை அனுப்பிய அந்த வரியில் பிழை காட்டி நின்றது. "இப்ப என்னத்த போட்டிருக்கு?" என்று கேட்டாள் ரோஸ்லின். "பொருந்தவில்லைன்னு போட்டிருக்கு அக்கா" என்று ஜெபகனி வாசித்தாள். மருத்துவர் சொல்லிக் கேட்காதவள் இயந்திரம் சொன்னதற்குத் தலையசைத்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டாள். பெட்டியை வெளியே இழுத்தபோது, செல்வின் உட்பட எல்லாரும் ஒரு கணம் உள்ளிருந்து சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.