வெள்ளச்சி விட்டுக்கொடுக்காத கொடிக்கடலை

காட்டுக் குளத்தங்கரையில் விலங்குகள் ஒன்றுசேர்ந்து நிலக்கடலை பயிரிட்டு வந்தன. ஒரு வருடம் தொப்பையன் என்ற பெருச்சாளி, வேரடியில் கொத்தாகக் காய்க்கும், பருத்த பருப்புள்ள கொத்துக்கடலை என்ற நிலக்கடலை விதையைக் கொண்டுவந்தது.

"வயல் முழுக்க இதையே போடுவோம்! மற்ற விதைகளைத் தின்று தீர்த்துவிடுங்கள்!" என்றது.

விலங்குகள் தலையாட்டின. வெள்ளச்சி என்ற முயலுக்கு மட்டும் மனம் வரவில்லை. தரையோடு படரும் பழைய கொடிக்கடலையை மேட்டோரம் தனியாக விதைத்தது.

"அந்தப் பொடிப் பருப்பு பல்லிடுக்கில் ஒளிந்துகொள்ளுமே!" என்று தொப்பையன் கேலி பேசியது. எல்லாம் சிரித்தன. வெள்ளச்சிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் களை பறிப்பதை விடவில்லை.

மறு வருடம் துரு நோய் வந்தது. இலைகளுக்கு அடியில் செம்பொடி அப்பியது. கொத்துக்கடலை வயல் கருகிப்போனது. கொடிக்கடலை மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது.

பசித்த விலங்குகள் மேட்டுக்கு ஓடிவந்தன. வெள்ளச்சி குறுக்கே நின்றது.

"பாதியைத் தின்னுங்கள்! மீதி விதைக்கு! அதையும் தின்றால் அப்புறம் எதை விதைப்பது?"

"இந்தப் பொடிப் பருப்பை நம்பி எத்தனை வயிறு நிறையும், வெள்ளச்சி?" என்றது தொப்பையன்.

"அதனால்தான் உன் கடலையும் வேண்டும். மிச்சம் இருக்கிறதா?"

தொப்பையன் தன் வளையில் கிடந்த ஒரு பிடியைக் கொடுத்தது.

மழை வந்ததும் விலங்குகள் இரண்டையும் விதைத்தன. பூக்கும் சமயத்தில் வெள்ளச்சி தேன்சிட்டை அழைத்தது.

"உன் அலகுதான் ஊசி மாதிரி இருக்கிறது! கொத்துக்கடலை மொட்டிலுள்ள மகரந்தப் பைகளைச் சாயங்காலமே கிள்ளி எடுத்துவிடு. விடிந்ததும் கொடிக்கடலைப் பூவின் மகரந்தத்தை அதே பூவில் தடவு! நோய் தாங்கும் குணமும் பருத்த பருப்பும் ஒரே செடியில் சேரட்டும்!"

"பூ உதிர்ந்தால் என்னைத் திட்டக்கூடாது!" என்றது சிட்டு.

நிறையவே உதிர்ந்தன. காய் பிடித்தவற்றின் விதையை மழைக்கு மழை விதைத்தன. சில செடிகள் நோயில் விழுந்தன. சிலவற்றில் காய் பருப்பில்லாத பொக்கு. "இன்னும் ஒரு தரம்!" என்றது வெள்ளச்சி, ஒவ்வொரு முறையும்.

கடைசியில் ஒரு செடி துரு அண்டாமல் நின்றது. வெள்ளச்சி அதைப் பிடுங்கியது. வேரடியில் பருத்த காய்கள் கொத்தாகத் தொங்கின! வெள்ளச்சி துள்ளிக் குதித்தது.

அன்றே தொப்பையன் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது.

"எதற்கு இத்தனை வளை?" என்றது வெள்ளச்சி.

"புது விதைக்கு ஒன்று, கொடிக்கு ஒன்று, கொத்துக்கு ஒன்று! அடுத்து எந்த நோய் வருமோ, யார் கண்டது!"

பலவகை விதைகளையும் காத்து வைப்பவர்களுக்கே, பயிர் பொய்த்த பின்னும் நல்ல விளைச்சலுக்கு வழி பிறக்கும்.