அடுப்பில் என்ன எரிகிறது

டாக்டர் அருளானந்தம் சிறுநீரக வைத்தியம் படிக்க மாணவராக வந்தபோது வயது ஐம்பத்தொன்று. அவருடைய குரு டாக்டர் பேச்சித்தாய்க்கு முப்பத்தெட்டு. இதில் யார் கூச்சப்படுவது என்று தெரியாததால் அவர் இவரை டாக்டரம்மா என்றார், இவர் அவரை அண்ணாச்சி என்றார்.

மனுஷர் சும்மா வந்துவிடவில்லை. இருபது வருஷம் உப்பளத்து ஊரில் வைத்தியம் பார்த்தவர். வெயிலில் சுருண்டு விழுந்து, சிறுநீரகம் நின்று, பிறகு தேறியவர்களுக்கெல்லாம் "வேலைக்குப் போகலாம்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவர்களில் சிலர் இரண்டே வருஷத்தில் சுருங்கிப்போன சிறுநீரகத்தோடு திரும்பி வந்தார்கள். ஏன் என்று தெரியாமல் சாகக் கூடாது என்று கிளம்பி வந்தார்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகச் சேர்மக்கனியின் முறை. பதினோரு நாள் மூத்திரமே இல்லாமல் கிடந்து, ஐந்து டயாலிசிஸில் பிழைத்த உப்பளத் தொழிலாளி.

"திங்கக்கிழமை போகலன்னா என் உப்புப் பாத்திய கங்காணி வேற ஆளுக்குக் குடுத்துருவாரு சார்" என்றான்.

அருளானந்தம் வேலைக்குப் போகலாம் என்ற சான்றிதழை எழுதிக்கொண்டு பேச்சித்தாயிடம் போனார்.

"கிரியாட்டினின் ஒண்ணுக்கு வந்துட்டு டாக்டரம்மா. மூத்திரமும் நல்லாப் போகுது. அனுப்பிரலாமா?"

பேச்சித்தாய் தாளை வாங்கவில்லை. "கேன்டீனுக்கு வாங்க அண்ணாச்சி."

சமையலறையில் ஒரே புகை. சமையல்காரர் சுயம்பு செங்கல் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். போன மாதம்தான் வெள்ளையடித்த சுவர், கூரை வரைக்கும் கரி.

"சிலிண்டர் இன்னும் வரலையா?" என்று பேச்சித்தாய் கேட்டார்.

"வந்து ஒரு வாரமாச்சும்மா. அது இல்லாதப்ப விறகுதான் காப்பாத்துச்சு. அப்படியே பழகிட்டு."

"சோறு?"

"சோறு நல்லாத்தானே வேகுது" என்றார் சுயம்பு.

பேச்சித்தாய் திரும்பினார். "சிறுநீரகச் செல்லு எதை எரிச்சு வேலை செய்யுது அண்ணாச்சி?"

"பெரும்பாலும் கொழுப்பை."

"அடிபட்டா?"

"சர்க்கரைக்கு மாறிரும். அதை அரைகுறையா எரிச்சு உயிரைப் பிடிச்சுக்கிடும்." சொல்லும்போதே அருளானந்தத்தின் குரல் தணிந்தது. "ஆறினதும் பழையபடி கொழுப்புக்குத் திரும்பணும்."

"எல்லாச் செல்லும் திரும்பிருமா?"

அவர் சுவரைப் பார்த்தார். "திரும்பாத இடத்துல தழும்பு விழும்."

"சேர்மக்கனிக்குத் திரும்பிட்டா?"

"தெரியாது."

"சோறு வெந்துட்டான்னு மட்டும் பாத்திருக்கிய" என்றார் பேச்சித்தாய்.

அருளானந்தத்துக்குத் தான் அனுப்பிவைத்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சான்றிதழை நாலாகக் கிழித்தார்.

"மூணு மாசத்துக்கு அவன் வெயில்ல இறங்கக் கூடாது. இன்னொரு தடவை விழுந்தா தாங்காது" என்றார் உறுதியாக. பிறகு தயங்கினார். "ஆனா பாத்தி போயிருமே டாக்டரம்மா. அதுக்கு நம்மகிட்ட மருந்து இல்லையே."

பேச்சித்தாய் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்படி சுயம்புவிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"அந்தக் கங்காணி வீடு எங்கன்னு அவன்கிட்ட கேட்டுட்டு வாங்க. நான் வண்டிய எடுக்கேன்."