கடைசிக் கூரைக்குப் பின் எரியும் தீ

அந்தக் காலத்தில் மலை அணிலுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு. அது கிளையிலிருந்து கேட்கும், இவர்கள் கீழிருந்து பதில் சொல்வார்கள். பலாப்பழக் காலத்தில் மட்டும் இரண்டு பக்கமும் வசவாக இருக்கும்.

ஏழுமுடி மலையில் அப்போது நாற்பது வீடுகள். எல்லாமே புல் வேய்ந்தவை. கார்த்திகை தீபத்துக்குக் கோயில் முன்னால் சொக்கப்பனை எழுப்புவார்கள். மூங்கில்களை வட்டமாக நட்டு, காட்டுக்கொடியால் வரிந்து, நடுவில் காய்ந்த புல்லைத் திணித்துக் கொளுத்துவார்கள். கீழ்நாட்டுக்காரர்கள் அந்தத் தீயைத் தங்கள் வாசலிலிருந்தே பார்த்துக் கும்பிட வேண்டும் என்பது ஊர்த்தலைவர் சடையனின் வெகுநாள் ஆசை. அந்த வருஷம் பாக்கு மரத்தையும் மிஞ்சும் உயரத்துக்குக் கட்ட வைத்தார். அடைமழைக்கு முன் கூரைகளை இறுக்குவதற்காக வைத்திருந்த மூங்கிலும் கொடியும்கூட அதற்கே போய்விட்டன.

தீபத்துக்கு முதல் நாள் காலை, சீரங்காயி முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். மகன் உப்பு வாங்கக் கீழ்நாட்டுக்கு இறங்கியிருந்தான். மருமகள் நாச்சிக்கு நிறைமாதம். பக்கத்து மரத்தில் மலை அணில் தன் கூட்டைப் பிய்த்துப் பிய்த்துக் கீழ்க்கிளைக்குக் கொண்டுபோனது.

“நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் பிரிக்கிறே?” என்றாள் சீரங்காயி.

“கிழக்கே கடல் பக்கம் மேகம் சுருட்டிக்கிட்டு வருது. நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள இங்கே இருக்கும். இப்படி ஒரு காத்தை எங்கம்மா பார்த்திருக்கா. அவ கூட்டத்துல அதைச் சொல்ல மிஞ்சினவ அவ ஒருத்திதான்.”

சீரங்காயி முறத்தைக் கீழே வைத்தாள். தன் கூரையைப் பார்த்தாள். போன வருஷத்துக் கொடி இற்றுப்போய்த் தொங்கியது. பக்கத்து வீட்டிலும் அப்படித்தான், அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். நேரே கோயிலுக்கு நடந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் சடையன் சிரித்தார். “அந்தப் பலாத் திருடன் பேச்சையா நம்புறே, தங்கச்சி?”

“திருடனா இருந்தாலும் அதுக்குக் கண்ணு இருக்குல்ல அண்ணே. மூங்கில் காட்டுக்குப் போய் வர ரெண்டு நாள் ஆகும். ஊரோட கொடியெல்லாம் இந்தச் சொக்கப்பனையிலதான் இருக்கு. அவுத்துக் கூரைகளைக் கட்டிடலாம்.”

“சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கிறதா? நாக்கைக் கடிச்சுக்கோ.”

“மேலே பாறைக் குகைக்குப் போயிடலாமே” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“நிறைமாசக்காரி அந்தப் பாறையில ஏறுவாளா?” என்றாள் சீரங்காயி.

அவள் வீட்டுக்குப் போய்க் கொடுவாளோடு திரும்பி வந்தாள். இதே சாமியிடம்தான் நாச்சிக்குச் சுகப்பிரசவம் வேண்டும் என்று மஞ்சள் முடிந்துவிட்டு வந்திருந்தாள். ஒருமுறை சன்னதியைப் பார்த்தாள். பிறகு ஓங்கி அடிக்கொடியை வெட்டினாள்.

“சாமி குத்தம்!” என்று கத்தினார் சடையன்.

“குத்தம் என் தலையில இருக்கட்டும் அண்ணே. கூரை உங்க தலைக்கு மேல இருக்கட்டும்.”

அவிழ்த்த கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு சடையனின் வீட்டுக்கே போனாள். ஊரில் மேட்டில் இருந்த வீடு அது. காற்று முதலில் அங்கேதான் மோதும், அந்தக் கூரை பிய்ந்தால் கீழே நாலு வீட்டின் மேல் விழும். கொடியை முகட்டுக்கு மேல் வீசினாள். மறுபக்கம் விழுந்த நுனியைச் சடையனின் மனைவி வீராயி பிடித்துக்கொண்டு, “முளை எங்கே அடிக்கணும் மதினி?” என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒருவரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆள் ஏற முடியாத உச்சிக் கட்டுகளை மலை அணில்கள் ஏறிக் கடித்து அறுத்தன. பெண்கள் கொடி திரித்தார்கள், ஆண்கள் மூங்கிலை வெட்டியெடுத்துக் கூரையின் மேல் குறுக்கே வைத்துக் கட்டினார்கள். இருட்டும்வரை கட்டி, விடிந்ததும் மறுபடி தொடங்கினார்கள். சடையன் மட்டும் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை முதல் காற்று வந்து அவர் தலைப்பாகையைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டது. அவர் கிழக்கே ஒருமுறை பார்த்தார், எழுந்து வந்தார், முளை அடிக்க ஆரம்பித்தார்.

முப்பத்தொன்பது வீடுகள் முடிந்தன. சீரங்காயி தன் வீட்டைக் கடைசிக்கு விட்டிருந்தாள். அங்கே வந்தபோது ஒரு முழக் கொடிகூட மிச்சமில்லை.

“எங்க வீட்டுல ஒரு வரி அவுத்துத் தர்றேன்” என்றாள் வீராயி.

“கட்டினதை அவுக்காதே. ஒண்ணு அவுத்தா எல்லாம் தளர்ந்துடும். எங்களுக்கு உங்க வீட்டுல ஒரு மூலை கொடு, போதும்.”

அணில் சொன்னபடி உச்சிப்பொழுதில் புயல் ஏறியது. சடையனின் வீட்டுக் கதவிடுக்கு வழியாகத் தன் கூரை எழும்புவதைச் சீரங்காயி பார்த்தாள். முறத்திலிருந்து பதர் பறப்பதுபோல் ஒரே வீச்சில் போய்விட்டது. அவளும் கணவனுமாக வேய்ந்த கூரை. அவன் போன பிறகு அவள் ஒருத்தியாகக் காத்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். நாச்சிக்கு வலி எடுத்திருந்தது.

மறுநாள் விடியலில் காற்று ஓய்ந்தபோது ஒரு பெண் குழந்தையின் அழுகை கேட்டது. வெளியே முப்பத்தொன்பது கூரைகள் அப்படியே நின்றன.

தீப நாள் புயலிலேயே கழிந்துவிட்டது. கோயில் முன்னால் முழங்கால் உயரத்துக்கு மூங்கில் அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. ஊர் கூடியது. சீரங்காயி முன்னால் வந்து நின்றாள்.

“வெட்டினது நான்தான். சாமி என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க அண்ணே, கேட்டுக்கிறேன்.”

சடையன் கையில் சிக்கிமுக்கிக் கல் இருந்தது. அந்தக் கட்டைகளைப் பார்த்தார். பிறகு கல்லை மடியில் செருகிக்கொண்டார்.

“சாமி ஒண்ணும் சொல்லலை தங்கச்சி. நான் சொல்றேன். உன் வீட்டுக்குக் கூரை ஏறட்டும். அப்புறம் பத்த வைக்கிறேன்.”

அன்றே ஆண்கள் மூங்கில் காட்டுக்கு இறங்கினார்கள். திரும்பும் வழியில் உப்பு மூட்டையோடு தவித்து நின்ற சீரங்காயியின் மகனும் சேர்ந்துகொண்டான். மூன்றாம் நாள் அந்தியில் நாற்பதாவது கூரையின் கடைசி முடிச்சைச் சடையன் இறுக்கினார். இறங்கி வந்து, அடிக்கட்டைகளுக்கு நடுவே காய்ந்த புல்லைத் திணித்து, அந்த முழங்கால் உயரச் சொக்கப்பனைக்குத் தீ வைத்தார். கீழ்நாட்டில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது. நாச்சி குழந்தையோடு தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தாள்.

அன்று முதல்தான் ஏழுமுடி மலையில் சொக்கப்பனை முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. கீழ்நாட்டில் தீபம் அணைந்து எத்தனை நாள் ஆனாலும், ஊரின் கடைசிக் கூரையைக் கட்டி முடிக்காமல் அதற்குத் தீ வைப்பதும் இல்லை.