எந்தப் பக்கம் இறங்கறது?

ஒரு ஊர்ல ஒரு ஆறாம். ஆத்துக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு குப்பைமேடாம். துருப்பிடிச்ச பஸ்சு, கருவேல முள்ளு, ஊடால ஒத்தையடிப் பாதை. "ம்" கொட்டு, இல்லாட்டி நிறுத்திப்புடுவேன்.

அந்தப் பாதையிலதான் இட்லிக்கடை காத்தாயி வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு முளைப்பாரி கொண்டுபோயி ஆத்துல விடுவா. அந்த வருஷம் அவ மக மாசமா இருந்தா. ரெண்டு தடவை தங்காமப் போன வயிறு. இந்தப் பிள்ளையாவது நல்லபடியா பொறக்கணும்னு காத்தாயிக்கு வேண்டுதல்.

அப்போ பாத்து, மேட்டுல பூங்கா போடறேன்னு ஒரு எஞ்சினியர் வந்தாரு. கடகடகடன்னு பொக்லைன் முள்ளை வாரிச்சு. காத்தாயி ஓடினா.

"ஐயா, ஆத்துக்கு எந்தப் பக்கம் இறங்கறது?"

"முதல்ல குப்பை போகட்டும்மா."

அப்புறம் ஆத்தோரமா டொக்கு டொக்குன்னு சுவரு எழும்புச்சு. மறுபடி ஓடினா.

"ஐயா, எந்தப் பக்கம் இறங்கறது?"

"மனு எழுதிக் குடும்மா."

குடுத்தா. அப்புறம் புல்லு வந்துச்சு, கிரீச் கிரீச்சுன்னு ஊஞ்சல் வந்துச்சு. பூங்கா அழகுதான், இல்லேங்கல. ஆனா ஆத்தைப் பாக்கலாம், தொட முடியாது! மூணாந்தடவையும் கேட்டா.

"பிளான்லயே படி இல்லம்மா."

ஆடிப் பதினெட்டுன்னா அந்த மனுஷனுக்குச் சித்ரான்னம்தான் தெரியும். பொம்பளைங்க எங்க இறங்குறாங்கன்னு என்னிக்குப் பாத்தாரு? முழிச்சிருக்கியா? ம்.

வீட்டுல முளைப்பாரி சாண் உயரம் வளந்துருச்சு. காத்தாயி உக்காந்தா எந்திரிப்பா, எந்திரிச்சா நடப்பா. ஆத்துல விடாத முளைப்பாரி வீட்டுலயே வாடினா மகளுக்கு என்ன ஆகுமோன்னு ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டே கெடந்தா.

பதினெட்டும் வந்துருச்சு. ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் மஞ்சக்கயிறும் முளைப்பாரியுமா சுவரு முன்னால நின்னாங்க. "கூட்டம் போடாதீங்க!"ன்னு எஞ்சினியர் ஓடியாந்தாரு. அப்போ கூட்டத்துலேர்ந்து தாம்பாளத்தோட ஒருத்தி திரும்பினா. யாரு? அவரு பொண்டாட்டி!

"ஏங்க, எந்தப் பக்கம் இறங்கறது?"

மனுஷன் சுவத்தைப் பாத்தாரு, பிளானைப் பாத்தாரு, பொண்டாட்டியப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, "கடப்பாரை கொண்டாங்கப்பா"ன்னாரு.

டமார்! சுவத்துல வழி பொறந்துச்சு. மண்ணுமூட்டைய அடுக்கிப் படி வெச்சாங்க. காத்தாயிதான் முதல்ல இறங்கினா. கணுக்காலு நனைஞ்சதும் முளைப்பாரிய விட்டுட்டு ஓன்னு அழுதா.

ஆவணியில குவா குவான்னு பேத்தி வந்தா. மண்ணுமூட்டை இருந்த இடத்துல கல்லுப்படியும் வந்துச்சு.

அதுவரைக்கும் புரண்டுக்கிட்டே கெடந்த காத்தாயி, பேத்தியப் பக்கத்துல போட்டுக்கிட்டுக் காலை நீட்டித் தூங்கினா. நீயும் உதைக்காம காலை நீட்டு. கதை படியிறங்கி ஆத்தோட போயிருச்சு, கண்ணை மூடு.