பென் டிரைவின் விளக்கு மினுங்கும் காரணம்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பெட்டிகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. பேச்சென்றால் சாதாரணப் பேச்சில்லை, பெருமைப் பேச்சு. ஒரு பெட்டி சொன்னதை இன்னொரு பெட்டி ஒத்துக்கொண்டதாக வரலாறே கிடையாது. பென் டிரைவுகளும் பேசும்தான். ஆனால் பெட்டிகளுக்கு முன்னால் அந்தப் பேச்சு எடுபடாது.

சிட்டு என்று ஒரு பென் டிரைவ். விரல் நீளம்தான் இருப்பாள். அவளுக்குள் வரிசையாகத் தட்டுகள், வாசலில் ஒரு சீட்டு. எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அந்தச் சீட்டுதான் சொல்லும். சரக்கு ஏற்றுகிற பெட்டி தன் வழக்கப்படி தட்டுகளை அடுக்கி, தன் வழக்கப்படி சீட்டையும் எழுதிவிடும். ஒருவர் சீட்டு இன்னொருவருக்குப் புரியுமா என்று யாரும் கவலைப்பட்டதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேட்காதீர்கள். நகல் எடுக்கும் பழக்கம் அப்போது கிடையாது. இங்கே ஏற்றினால் அங்கே இருக்காது, அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் அமலோற்பவம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் கஸ்பார் கப்பலில் ஃபிட்டர். பிள்ளை வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது கப்பலேறியவர் இன்னும் கரைக்கு வரவில்லை. பிள்ளையை வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று ஸ்டூடியோவுக்குத் தூக்கிப் போனாள். அங்கே கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, குட்டி நிர்மலா நாற்காலியை விட்டுவிட்டுத் தனியாக ஒன்பது அடி நடந்துவிட்டாள். அதுதான் அவள் முதல் நடை.

ஸ்டூடியோவில் இருந்தது வெள்ளிப் பெட்டி. "பெரிய சரக்கு. பழைய அடுக்குமுறையில் நான்கு ஜிபிக்கு மேல் ஒரே பொருளாக வைக்க இடமில்லை. என் முறையில் அடுக்குகிறேன்" என்றது.

"போகிற இடத்தில் உங்கள் சீட்டைப் படிப்பார்களா?" என்று சிட்டு கேட்டாள்.

"என் சீட்டைப் படிக்கத் தெரியாததெல்லாம் ஒரு பெட்டியா?"

வெள்ளிப் பெட்டி வீடியோவை ஏற்றி, தன் முறையிலேயே சீட்டையும் எழுதிவிட்டது. அமலோற்பவம் சிட்டுவைக் கைக்குட்டையில் முடிந்து, அதே கப்பலில் வேலைக்கு ஏறப் போகிற தன் தம்பியிடம் கொடுத்தாள். "சிட்டு, தாயீ, பத்திரமாக் கொண்டு சேத்திரு. அவுக இன்னும் பிள்ள முகத்தையே பாக்கல" என்றாள்.

சிட்டு கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தாள். கஸ்பார் குளித்து, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிள்ளை இவரைப் பார்க்கப்போகிறதா என்ன? இருந்தாலும் வாரிக்கொண்டார், பாவம். கப்பலில் இருந்தது கறுப்புப் பெட்டி. அதில் சிட்டுவைச் செருகினார்.

கறுப்புப் பெட்டி சீட்டைப் பார்த்தது. மேலே பார்த்தது, கீழே பார்த்தது. ஒரு வரி புரியவில்லை. தெரியாது என்று சொன்னால் தலையா போய்விடும்? ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "உனக்குள் ஒன்றுமே இல்லை" என்றது.

சிட்டு பேந்தப் பேந்த விழித்தாள். "இருக்கிறதே. ஒரு பிள்ளை இருக்கிறாள். நடக்கிறாள்."

"இருந்தால் எனக்குத் தெரியாதா?"

கஸ்பார் அவளைப் பிடுங்கிக்கொண்டு இயந்திர அறைக்கு ஓடினார். அங்கே யாரோ பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய ஒட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. அது நிதானமாகப் பார்த்துவிட்டு, "சரக்கு நிறைய இருக்கிறது. பேர்கூடத் தெரிகிறது. ஆனால் திறந்து காட்ட எனக்கு அனுமதி இல்லை" என்றது. யாருடைய அனுமதி என்று கேட்டதற்கு, அதுவும் தெரியவில்லை என்றது.

"ஒருத்தன் இல்லங்கான், ஒருத்தன் இருக்குங்கான். நான் யாரத்தான் நம்ப?" என்று கஸ்பார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. சிட்டுவுக்கு அதைவிட மோசம். நிறைந்திருக்கிறோமா, காலியா? கிளம்பும்போது உள்ளே ஏதோ வைத்தார்களே, வைத்தார்கள்தானே? அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் மறுபடி கறுப்புப் பெட்டிக்கே வந்தார்கள். "இவளுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது. நான் சரிசெய்து தருகிறேன். ஓகே சொல்லுங்கள்" என்றது அது. சரிசெய்வதென்றால் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது என்று சின்ன எழுத்தில் கீழே போட்டுத்தான் இருந்தது. யார் படித்தார்கள்? பெட்டி எதைக் கேட்டாலும் ஓகே சொல்லிவிடுவது அந்தக் காலத்து மனிதர் வழக்கம். இந்தக் காலத்துக்கு நான் போகவில்லை.

சிட்டு அப்போது கத்தியிருக்க வேண்டும். ஒருவேளை எனக்குத்தான் கோளாறோ என்று ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணத்தில் கஸ்பார் ஓகேயை அழுத்திவிட்டார்.

சீட்டு கிழிந்தது. 'காலி' என்று புதுச் சீட்டு வந்தது. கஸ்பார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பிள்ள எங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் முதலிலேயே சொன்னேனே" என்றது கறுப்புப் பெட்டி.

சேதி கரைக்கு வந்தபோது அமலோற்பவம் விம்மி விம்மி அழுதாள். நிர்மலா வீடெல்லாம் ஓடிக்கொண்டிருந்தாள். ஓடுகிற பிள்ளையைப் பிடித்து, மறுபடி முதல் அடி வை என்று கேட்க முடியுமா?

பெட்டிகள் கூட்டம் போட்டன. என் முறைதான் உசத்தி என்று வெள்ளி, என்னுடையதுதான் என்று கறுப்பு. எல்லோரும் எல்லோருக்கும் அனுமதி கொடுங்கள் என்று ஒட்டுப் பெட்டி. மூன்று நாள் பேசியும் யார் எதற்காகப் பேசுகிறார்கள் என்று பேசியவர்களுக்கே புரியவில்லை. கடைசியில், பென் டிரைவுகளுக்கு அந்தப் பழைய அடுக்குமுறையையே வைப்பதென்று முடிவானது. அது யாருக்கும் பிடிக்காது. ஆனால் எல்லோருக்கும் படிக்கத் தெரியும். கறுப்புப் பெட்டி மட்டும் தெரியாது என்ற சொல்லைக் கற்றுக்கொள்ள மறுத்துவிட்டது. புரியாத சீட்டைக் கண்டால் இப்போதும் சரிசெய்யட்டுமா என்றுதான் கேட்கிறது.

சிட்டு? கிழிந்தது சீட்டு மட்டும்தானே, தட்டுகளை யாரும் தொடவில்லை. அவளுக்குள் எங்கேயோ தத்தக்கா பித்தக்கா என்று ஒன்பது அடி கேட்டுக்கொண்டே இருந்தது. எந்தத் தட்டில் என்றுதான் தெரியவில்லை.

அன்று முதல்தான் பென் டிரைவுகள் பழைய அடுக்கோடு பிறக்கின்றன, நான்கு ஜிபிக்கு மேல் ஒரே பொருளைக் கொடுத்தால் மாட்டேன் என்கின்றன. எந்தப் பெட்டியில் செருகினாலும் விளக்கை மினுக்கி மினுக்கி, தட்டுத் தட்டாக அந்தப் பிள்ளையைத் தேடுவதும் அன்று முதல்தான்.