நம்மையா, எங்களையா?

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு இந்த நிமிஷமே அறுந்து விழட்டும். அத்தனையும் சத்தியம், சத்தியம், சத்தியம்!

நாணல்குளத்தங்கரையில் பறவைகளுக்கும் நரிகளுக்கும் ஓயாத சண்டை. அமைதி காக்கக் காட்டுச் சபை நான்கு காட்டெருமைகளை அனுப்பியது. தலைவன் வளைகொம்பன் கரையில் நின்று உத்தரவைச் சொன்னான்: "நம்மைத் தாக்கினால் மட்டும் கொம்பைப் பயன்படுத்தலாம். மற்றபடி நிற்பதோடு சரி."

பறவைகள் சிறகு தட்டின. செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி மட்டும் தட்டவில்லை. வெறுந்தரையில் முட்டையிடுகிற சாதி அது. சந்தேகம் அவளுக்குக் கூடவே பிறந்தது. அப்போதும் நான்கு முட்டைகள் மண்ணில் கிடந்தன.

"அண்ணே, 'நம்மை' என்றால் எங்களையும் சேர்த்துத்தானா?"

"உத்தரவில் 'நம்மை' என்றுதான் இருக்கிறது, தங்கச்சி."

"அதைத்தான் கேட்கிறேன். உங்களை மட்டும் என்றால் 'எங்களை' என்றல்லவா வரும்?"

"இலக்கணம் பேசாதே. நாங்கள் இருக்கும்போது உனக்கென்ன பயம்?"

'நாங்கள் என்கிறானே, நாம் என்று வாயில் வரவில்லையே' என்று செம்மூக்கி மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ஊளைமுத்து என்ற நரி வந்தான். எருமைகளின் கால்களுக்கு நடுவே, ஒரு மயிர்கூட உரசாமல், புது மாப்பிள்ளை மாதிரி நடந்தான். ஒவ்வொரு எருமைக்கும் ஒரு கும்பிடு போட்டான். பிறகு ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு போனான்.

"அண்ணே, முட்டித் தள்ளுங்கள்!" என்று செம்மூக்கி அலறினாள்.

வளைகொம்பன் அசைபோட்டான். "என்மேல் பல் படவில்லையே. நான் கொம்பை ஓங்கினால், சண்டையை ஆரம்பித்தவன் நானென்று சபை என்னைத்தான் கேட்கும்."

"பிறகு எதற்கு இங்கே நிற்கிறீர்கள்?"

"நடந்ததைப் பார்த்துச் சொல்ல."

மிச்சம் மூன்று முட்டைகள். அன்று பகல் முழுக்க அவள் நரி வரும் வழியைப் பார்க்கவில்லை. எருமையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஊளைமுத்து திரும்ப வந்தான். செம்மூக்கி சிறகொடிந்தவள் போல இழுத்து இழுத்து ஓடினாள். ஆள்காட்டிகளுக்கு அது கைவந்த நடிப்பு. முட்டையைவிடக் குருவிக்கறி மேல் என்று நரி பின்னால் பாய்ந்தான். அவள் வளைகொம்பனின் பின்னங்காலடியில் போய்ப் பொத்தென்று விழுந்தாள். நரி வாயைத் திறந்தான். அவள் விருட்டென்று எழும்பினாள். பல்லில் சிக்கியது எருமையின் குதிகால்.

"இப்போது 'நம்மை'தானே, அண்ணே?" என்றாள் மேலே பறந்தபடி.

வளைகொம்பன் ஒரே முட்டு முட்டினான். நரி மூன்று குன்று தாண்டிப் போய் விழுந்தான். போன வழியெல்லாம் மேகத்தில் ஓட்டை.

முட்டைகள் பொரிந்த அன்று வளைகொம்பன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தான். "பார்த்தாயா தங்கச்சி, காப்பாற்றிவிட்டோம்!"

செம்மூக்கி குஞ்சுகளுக்கு நொண்டி ஓடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

காக்க வந்தவனின் 'நம்' என்ற சொல்லுக்குள் நமக்கும் இடமுண்டா என்று தெரியாதவரை, அவன் கொம்பை நம்பிக் கண்ணை மூடாதே.

எருமைக்குக் காது பெரிது. இதை யார் சொன்னது என்று கேட்டால், என் பெயரை மட்டும் எவரிடமும் சொல்லிவிடாதீர்கள்.